சுயவிருப்பம், நியதி, தெரிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாம் எடுக்கும் முடிவுகள் உண்மையிலேயே நம்முடையவைதானா, அல்லது நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்ட ஒரு காரணத் தொடரின் விளைவுகள் மட்டும்தானா என்ற கேள்வி தத்துவ நூல்களுக்குள் அடங்கிக் கிடந்த காலம் போய்விட்டது. மூளை ஆய்விலும், மரபணு ஆய்விலும், குற்றவியல் நீதிமன்றத்திலும் அது இன்று நேரடியாகவே எழுகிறது. இதைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு வழக்கமாக வரும் ஐயங்களை எடுத்துக்கொண்டு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். எனக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுதவில்லை.

நியதிவாதம் என்பது சரியாக என்ன சொல்கிறது?

ஒரு கணத்தில் உலகம் முழுவதும் இருக்கும் நிலையையும் இயற்கை விதிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், அதற்குப் பின் நடக்கப்போவது ஒரே ஒரு வழியில்தான் நடக்க முடியும் என்பதே நியதிவாதம். பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் இதற்குக் கொடுத்த வடிவம்தான் இன்றும் எல்லோர் நினைவிலும் நிற்கிறது: எல்லா விசைகளையும், எல்லாத் துகள்களின் இருப்பிடங்களையும் ஒரு கணத்தில் அறிந்த பேரறிவு ஒன்று இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலத்தைப் போலவே கண்முன் விரிந்து கிடக்கும் என்றார் அவர்.

இதில் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. நியதிவாதம் என்பது முன்கூட்டிச் சொல்ல முடியும் என்ற கூற்று அன்று. 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் வானிலைக் கணக்கீடுகளை ஆராய்ந்து காட்டியதைப் போல, முழுக்க முழுக்க விதிப்படி இயங்கும் ஓர் அமைப்பும் தொடக்க நிலையில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தால் கணிக்கவே முடியாத பாதையில் போய்விடலாம். மனிதரைக் கணிக்க முடியவில்லை, ஆகவே அவருக்குச் சுயவிருப்பம் (தன் முடிவுகளைத் தானே எடுக்கும் ஆற்றல்) இருக்கிறது என்று வாதிடுவது இதனால்தான் செல்லாது.

அப்படியானால் இது தலைவிதி என்பதற்கு இன்னொரு பெயர்தானே?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவாதத்தில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். தலைவிதிக் கொள்கை, நீ என்ன செய்தாலும் நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்கிறது. நியதிவாதமோ, நடப்பவற்றில் பெரும்பகுதி நீ செய்வதன் வழியாகத்தான் நடக்கிறது என்கிறது. முன்னதில் உன் முயற்சிக்கு இடமே இல்லை. பின்னதில் உன் முயற்சி காரணத் தொடரின் ஒரு பகுதி.

பண்டைய கிரேக்கத்திலேயே இதை வைத்து ஒரு வாதம் நடந்தது. நோய் குணமாக வேண்டும் என்று விதித்திருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும், குணமாகாது என்று விதித்திருந்தால் அழைத்தும் பயனில்லை, ஆகவே மருத்துவரை அழைப்பது வீண் என்றனர் சிலர். இதற்குச் சோம்பேறி வாதம் என்றே பெயர். ஸ்டோயிக் தத்துவவாதியான கிரிசிப்பஸ் கொடுத்த மறுமொழி எளிமையானது, ஆனால் முழுமையானது: குணமாவது தீர்மானமாகியிருந்தால், மருத்துவரை அழைப்பதும் அதோடு சேர்ந்தே தீர்மானமாகியிருக்கிறது, அழைக்காமல் குணமாகும் என்று எவரும் எங்கும் விதிக்கவில்லை.

தமிழில் இந்த இழுபறி மிகப் பழையது. திருக்குறளில் ஊழ் என்ற 38ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள் ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்கிறது; ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளோ, சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்று உரையாசிரியர்களுக்கும் வாசகர்களுக்கும் தோன்றியதில் வியப்பில்லை. கிரிசிப்பஸின் மறுமொழியை மனத்தில் வைத்துப் படித்தால் அந்த முரண் அவ்வளவு கூர்மையாகத் தெரிவதில்லை என்பது என் எண்ணம்.

நான் விரும்பினால் கையைத் தூக்குகிறேன், விரும்பாவிட்டால் தூக்குவதில்லை. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

இந்த உணர்வு மெய்யானது. ஆனால் அது சான்றாகாது. வீசியெறியப்பட்ட கல் ஒன்றுக்குத் திடீரென்று உணர்வு வந்தால், தான் விரும்பித்தான் பறந்துகொண்டிருப்பதாக அது நம்பும் என்று தத்துவவாதி ஸ்பினோசா 1674இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மனிதர் தம் ஆசைகளை அறிந்திருக்கிறார்கள், அந்த ஆசைகளை உண்டாக்கிய காரணங்களை அறியவில்லை, அந்த அறியாமையைத்தான் சுதந்திரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. விரும்பியபடி செய்ய முடிகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நியதிவாதம் உண்மையானால் சுயவிருப்பம் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

இதற்கான மிக இறுக்கமான வாதத்தை அமெரிக்கத் தத்துவவாதி பீட்டர் வான் இன்வேகன் 1983இல் வகுத்தார். நியதிவாதம் உண்மையென்றால், நம் செயல்கள் தொலைவான கடந்த காலமும் இயற்கை விதிகளும் சேர்ந்து உண்டாக்கிய விளைவுகள். நாம் பிறப்பதற்கு முன் நடந்தவை நம் கையில் இல்லை. இயற்கை விதிகளும் நம் கையில் இல்லை. நம் கையில் இல்லாதவற்றிலிருந்து தவிர்க்க இயலாமல் பிறக்கும் விளைவும் நம் கையில் இருக்க முடியாது. ஆகவே நம் செயல்களும் நம் கையில் இல்லை.

ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்த்தால் மறுக்க முடியாததாகத் தோன்றும். இந்த வாதத்துக்கு விடை சொல்லாமல் கடந்துபோகும் எந்தக் கொள்கையையும் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். விடை சொல்ல முயல்பவர்கள், கையில் இருப்பது என்றால் என்ன என்ற இடத்தில்தான் கைவைக்கிறார்கள். ஒரு செயல் என் கையில் இருக்கிறது என்று சொல்லும்போது, அதன் காரணங்கள் அத்தனையும் நானே படைத்தவை என்று நாம் பொருள்கொள்கிறோமா, அல்லது நான் வேறுவிதமாக எண்ணியிருந்தால் அது வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று பொருள்கொள்கிறோமா? பின்னதுதான் பொருள் என்றால் அந்த வாதத்தின் கடைசிப் படி தானாக வந்துவிடாது.

குவாண்டம் இயற்பியல் நியதிவாதத்தை முறியடித்துவிட்டதே? அது போதாதா?

ஒரு கதிரியக்க அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதற்கு முன்காரணம் எதுவும் இல்லை என்பதுதான் குவாண்டம் கோட்பாட்டின் வழக்கமான வாசிப்பு. ஆனால் இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் காட்டியபடி, அதே சமன்பாடுகளை முழு நியதியோடும் வாசிக்க முடியும். ஆகவே முறியடித்துவிட்டது என்பது மிகை. இதைவிட முக்கியமானது வேறு. என் மூளையில் ஒரு துகள் காரணமின்றித் துள்ளியதால் நான் உண்மையைச் சொல்லாமல் பொய் சொன்னேன் என்றால், அந்தப் பொய் என்னுடைய முடிவாகுமா? தற்செயல் எனக்கு நேருவது, நான் செய்வதன்று. கட்டுப்பாட்டைத் தேடிப் புறப்பட்டவர்களுக்குத் தற்செயல் எதையும் கொடுப்பதில்லை.

நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று லிபெட் நிரூபித்துவிட்டார் என்கிறார்களே?

இந்த ஆய்வு அதன் முடிவுரையால் மட்டுமே பரவலாக அறியப்பட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் எடை எவ்வளவு என்பது புரியும்.

நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்பவர் ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பார். தலையில் மின்முனைகள் பொருத்தியிருக்கும். எதிரே உள்ள திரையில், கடிகார முகப்பைப் போன்ற வட்டத்தில் ஓர் ஒளிப்புள்ளி சுற்றிவரும். ஒரு சுற்றுக்கு 2.56 நொடி. அவர் செய்ய வேண்டியது, தோன்றும்போது மணிக்கட்டை ஒருமுறை அசைப்பதும், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் எழுந்தபோது புள்ளி எந்த இடத்தில் இருந்தது என்பதை நினைவில் வைத்துப் பின்னர் சொல்வதும் மட்டுமே. இப்படி நாற்பது முறை செய்தவற்றின் மூளை அலைகளைச் சராசரி எடுத்தபோது, அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிநொடிக்கு முன்பே ஆயத்த மின்னழுத்தம் என்ற ஓர் அலை மெல்ல எழத் தொடங்குவது தெரிந்தது. எண்ணம் எழுந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்ன நேரமோ, அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி முன்பு. ஆக, உணர்வு வருவதற்கு மூன்றில் ஒரு பங்கு நொடிக்கும் மேலாக மூளை முந்திக்கொள்கிறது.

லிபெட் இதிலிருந்து சுயவிருப்பம் இல்லை என்ற முடிவுக்கு வரவில்லை. எஞ்சியிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், எழுந்த தூண்டுதலைத் தடுத்து நிறுத்த நமக்கு முடியும் என்றே அவர் கருதினார். பிறர்தாம் அவர் போகாத இடத்துக்கு அவருடைய முடிவுகளை இழுத்துச் சென்றனர்.

2012இல் ஆரோன் ஷூர்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த அலைக்கு வேறொரு விளக்கம் கொடுத்தார்கள். மூளையின் இயக்கம் எப்போதும் தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எப்போது அசைப்பது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லாதபோது, அந்த ஏற்ற இறக்கம் ஒரு வரம்பைத் தாண்டும் கணத்தில் அசைவு நிகழ்கிறது. அசைவு நிகழ்ந்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால், ஏறுமுகமான ஓர் அலை தெரியத்தான் செய்யும். அது எடுக்கப்பட்டுவிட்ட முடிவின் அடையாளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த விளக்கம் இறுதியானது என்று சொல்ல வரவில்லை. பழைய விளக்கம் ஒன்றே வழி என்று இனிச் சொல்ல முடியாது.

எனக்கு இதைவிட அடிப்படையான ஒரு குறை தெரிகிறது. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் உண்மையில் எப்போது முடிவெடுத்தார்? ஆய்வில் கலந்துகொள்கிறேன், சொன்னபடி செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டபோதே எடுத்துவிட்டார். எந்த நொடியில் மணிக்கட்டை அசைப்பது என்பதில் அவருக்கு எடைபோட எதுவும் இல்லை. திருமணம், தொழில், ஒரு நண்பரைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்பவை போன்ற, நாள்கணக்கில் மனத்தில் புரட்டிப் பார்க்கும் முடிவுகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் பேசவில்லை.

ஆனால் பத்து நொடி முன்னதாகவே முடிவைக் கண்டுபிடித்த ஆய்வும் இருக்கிறதே?

2008இல் ஜான்-டிலன் ஹெய்ன்ஸின் குழு வெளியிட்டது. இடக்கைப் பொத்தானை அழுத்துவதா, வலக்கைப் பொத்தானை அழுத்துவதா என்பதைச் சில நொடிகளுக்கு முன்னதாகவே மூளைப் படங்களிலிருந்து கணித்தார்கள். கணிப்பின் துல்லியம் 60 விழுக்காட்டை ஒட்டியது; கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 விழுக்காடு கிடைக்கும். ஒரு பக்கம் சாயும் போக்கு முன்பே இருந்தது என்பதற்கு இது சான்று. முடிவு முன்பே முடிந்துவிட்டது என்பதற்கு அன்று.

இணக்கவாதம் என்கிறார்களே, அது என்ன?

நியதியும் சுயவிருப்பமும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை என்ற நிலைப்பாடு அது. தத்துவவாதிகளான ஹாப்ஸ், ஹியூம் காலத்திலிருந்து வருகிறது. தொழில்முறைத் தத்துவவாதிகளிடையே 2020இல் எடுத்த பில்பேப்பர்ஸ் கருத்துக்கணிப்பில் சுமார் 59 விழுக்காட்டினர் இதன் பக்கம் சாய்ந்தார்கள். சுயவிருப்பமே இல்லை என்றவர்கள் சுமார் 11 விழுக்காட்டினர். பெரும்பான்மை என்பதால் அது உண்மையாகிவிடாது என்றாலும், இதை ஆராய்கிறவர்கள் எல்லாரும் சுயவிருப்பத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதை இது காட்டுகிறது.

என் நிலைப்பாடும் இதுதான், ஒரு முக்கியமான விலக்கோடு. அதைப் பின்னால் சொல்கிறேன். காரணம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தகைய காரணம் என்று கேட்க வேண்டும் என்பதே இணக்கவாதத்தின் உயிர்நாடி. துப்பாக்கி முனையில் கையெழுத்திட்டவருக்கும், நெடுநாள் யோசித்துக் கையெழுத்திட்டவருக்கும் காரணங்கள் இருந்தன. ஆனால் ஒருவரிடம் செயல்பட்டது மிரட்டல். மற்றவரிடம் செயல்பட்டது அவருடைய சொந்த மதிப்பீடு. இந்த வேறுபாடு நியதிவாதம் உண்மையானாலும் பொய்யானாலும் அப்படியேதான் இருக்கும்.

தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்பர்ட் 1971இல் இதை இன்னும் ஆழப்படுத்தினார். புகைபிடிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் புகைக்க ஆசை எழுகிறது, இருவரும் புகைக்கிறார்கள். ஆனால் ஒருவர் அந்த ஆசையை ஏற்றுக்கொண்டு புகைக்கிறார். மற்றவரோ அந்த ஆசை தனக்கு இல்லாமல் போக வேண்டும் என்று விரும்பிக்கொண்டே, தன்னைத் தானே வெறுத்துக்கொண்டே பற்றவைக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செயல். இரண்டாமவரிடம் ஆசையைப் பற்றிய ஆசை தோற்றுப்போகிறது. அந்த மேல்நிலை விருப்பத்தின்படி கீழ்நிலை ஆசைகளை ஒழுங்குபடுத்த முடிவதைத்தான் ஃபிராங்க்பர்ட் சுதந்திரம் என்றார். இந்த விளக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, சுதந்திரம் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றாக இல்லாமல், கூடவும் குறையவும் கூடியதாக ஆகிவிடுவதுதான். குழந்தையிடம் சிறிதளவு, தெளிந்த பெரியவரிடம் அதிகம், களைத்தவரிடமும் போதைக்கு அடிமையானவரிடமும் குறைவு என்ற நம் அன்றாட அறிவோடு அது ஒத்துப்போகிறது.

இது வெறும் பெயர் மாற்றம் இல்லையா? அந்த மதிப்பீட்டையும் நான் தேர்ந்தெடுக்கவில்லையே?

இம்மானுவேல் கான்ட் 1788இல் ஏறத்தாழ இதே சினத்தோடுதான் இணக்கவாதத்தை ஒரு பரிதாபமான தப்பிப்பு என்றார். நம் காலத்தில் தத்துவவாதி கேலன் ஸ்ட்ராசன் இந்த எதிர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார்: நான் எப்படிப்பட்டவனோ அதற்கேற்பத்தான் செயல்படுகிறேன், செயலுக்கு முழுமுதற் பொறுப்பு எனதாக வேண்டுமானால், நான் இப்படிப்பட்டவனாக ஆனதற்கும் நானே பொறுப்பாக வேண்டும், அதற்கு முன்பு நான் இருந்த நிலைக்கும் நானே பொறுப்பாக வேண்டும், இது முடிவில்லாமல் பின்னோக்கிப் போகிறது. ஆகவே முழுமுதற் பொறுப்பு என்பது எவருக்கும் சாத்தியமில்லை. உலகில் நியதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாதம் நிற்கும் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மேலே சொன்ன விலக்கு இதுதான். தன்னைத் தானே அடியிலிருந்து உருவாக்கிக்கொண்ட மனிதர் எவரும் இல்லை. ஆனால் பொறுப்பு என்ற சொல்லால் நாம் குறிப்பது அது ஒன்றை மட்டும்தானா? கேலனின் தந்தை பீட்டர் ஸ்ட்ராசன் 1962இல் வேறொரு பக்கத்திலிருந்து இதை அணுகியிருந்தார். ஒருவர் தெரியாமல் என் கையை மிதித்துவிட்டாலும் வேண்டுமென்றே மிதித்தாலும் வலி ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில்தான் எனக்கு மனக்கசப்பு வருகிறது. மனக்கசப்பு, நன்றி, மன்னிப்பு ஆகிய இவை இல்லாமல் மனித உறவு என்பதே இல்லை; ஒரு தத்துவ வாதத்தைக் கேட்டு இவற்றைக் கைவிடுவது நமக்கு இயலாது, தேவையும் இல்லை என்றார் அவர். தந்தையும் மகனும் எதிரெதிராக நின்ற இந்த இடத்தில், இருவர் சொன்னதும் வெவ்வேறு பொறுப்பைப் பற்றியது என்றே நான் வாசிக்கிறேன். ஒருவரை ஒருவர் பதில் சொல்ல வைக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. ஒருவர் துன்பப்படுவதே நியாயம் என்று சொல்ல வைக்கும் அளவுக்கான பொறுப்பு எவருக்கும் இல்லை.

மூளை நோயால் ஒருவர் குற்றம் செய்தால் அது அவர் குற்றமா?

2003இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு நிகழ்வு இங்கே பேசத் தக்கது. அதுவரை எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாத, நாற்பது வயதான ஒரு பள்ளி ஆசிரியரிடம் தகாத பாலியல் நாட்டம் புதிதாகத் தோன்றிக் கட்டுப்பாடின்றி வளர்ந்தது. தண்டனைக்குரிய குற்றமும் நடந்தது. தண்டனை அறிவிக்கப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் கடுமையான தலைவலியோடு அவர் மருத்துவமனைக்கு வந்தார். பரிசோதனையில், கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதியை அழுத்திக்கொண்டிருந்த பெரிய கட்டி தெரிந்தது. அதை அகற்றியதும் அந்த நாட்டம் மறைந்தது. சில மாதங்கள் கழித்துத் தலைவலியும் நாட்டமும் சேர்ந்தே திரும்பி வந்தன. மீண்டும் படம் எடுத்தபோது கட்டி திரும்ப வளர்ந்திருந்தது. இரண்டாம் முறை அகற்றியபோதும் நாட்டம் தணிந்தது.

இதைப் படிக்கும் எவரும் அவரைப் பார்க்கும் பார்வை மாறும். ஆனால் அடுத்த கேள்வி எளிதன்று. கட்டியும் காரணம், கொடுமையில் கழிந்த குழந்தைப் பருவமும் காரணம், மரபணுவும் காரணம் என்றால், கட்டிக்கு மட்டும் ஏன் சலுகை? கண்ணுக்குத் தெரிவதாலா? அப்படியானால் அது நம் கருவிகளின் எல்லையே தவிர நீதியின் எல்லை ஆகாது. சரியான விடை, காரணம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பொறுத்ததன்று. சரி தவறுகளை எடைபோட்டு, அதன்படி தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறனை அது எந்த அளவுக்குச் சிதைத்தது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1843இல் வகுக்கப்பட்ட மக்நாட்டன் விதிகள், செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்தாரா என்று மட்டுமே கேட்டன. அறிந்தும் நிறுத்த முடியாதவரைப் பற்றி அவை பேசவில்லை. மேலே சொன்ன மனிதர் அத்தகையவர். தான் செய்வது தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் தண்டனையே கூடாது என்கிறீர்களா?

இல்லை. பிறரைக் காப்பதற்கும், தவறைத் தவறு என்று ஊரறியச் சொல்வதற்கும், செய்தவரைத் திருத்துவதற்கும், இழந்தவருக்கு ஈடுசெய்வதற்கும் தண்டனை தேவைப்படலாம். இந்த நான்கும் எதிர்காலத்தை நோக்கியவை. இவற்றுக்கு முழுமுதற் பொறுப்பு என்ற கருத்து வேண்டியதில்லை. இவை எதற்கும் பயன்படாதபோதும் அவர் வேதனைப்பட்டே ஆக வேண்டும், அது அவருக்கு உரியது என்ற எண்ணத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். பாதிக்கப்பட்டவரின் சினம் நியாயமானது, அதை அடக்கிக்கொள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு சட்டம் அந்தச் சினத்தையே தன் அடித்தளமாகக் கொள்வது வேறு.

சுயவிருப்பம் இல்லை என்று மக்கள் நம்பத் தொடங்கினால் ஒழுக்கம் கெட்டுவிடாதா?

2008இல் வெளியான ஓர் ஆய்வில், சுயவிருப்பத்தை மறுக்கும் பத்தியைப் படித்தவர்கள் அதன்பின் நடந்த சோதனையில் கூடுதலாக ஏமாற்றினார்கள் என்று கண்டார்கள். ஊடகங்களில் இது பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் மற்றவர்கள் மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு உறுதிப்படவில்லை. ஒரு பத்தியைப் படிப்பதால் மனிதரின் ஒழுக்கம் சாய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது.

ஒரு பழக்கத்தை விட வேண்டும் என்று போராடுகிறவருக்கு இந்த விவாதத்தால் என்ன பயன்?

பயன் உண்டு, இந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. மன உறுதி என்பது காரணங்களுக்கு அப்பால் நிற்கும் ஒரு தனி ஆற்றல் என்று நம்புகிறவர், தோற்கும் ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். அடுத்த முறை இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்கிறார். தன் செயலுக்கும் காரணங்கள் உண்டு என்று ஏற்றுக்கொண்டவர் வேறு கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிறார்: எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்த மனநிலையில் இது நேர்கிறது? அவற்றில் எதை என்னால் முன்கூட்டியே மாற்றிவைக்க முடியும்?

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்த ஒரு முறை இந்த அணுகுமுறைக்கு நன்றாகப் பொருந்துகிறது. இனிப் புகைக்க மாட்டேன் என்று பொதுவாக உறுதிகொள்வதற்குப் பதிலாக, இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று வரையறுத்து முன்பே முடிவுசெய்து வைப்பது: உணவு முடிந்து எழுந்ததும் கை பாக்கெட்டைத் தேடினால், உடனே வெளியே நடக்கப் போவேன் என்பதைப் போல. சூழல் வரும் கணத்தில் மீண்டும் எடைபோட வேண்டிய தேவை குறைகிறது. தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவு, தெளிவு குன்றும்போது தூண்டுதலாக நின்று வேலை செய்கிறது. பல ஆய்வுகளில் இது பொதுவான உறுதிமொழியைவிடக் கூடுதலாகப் பலன் தந்திருக்கிறது. இங்கே காரணத் தொடர் எங்கும் அறுபடவில்லை. அதில் ஒரு கண்ணியை அந்த மனிதரே, தன் மேல்நிலை விருப்பத்தின்படி, முன்கூட்டிக் கோத்து வைத்திருக்கிறார்.